தை மாதக் கவாத்து: எதை வெட்டினேன், எதை விட்டுவைத்தேன்

நாகமலை அடிவாரத்தில், சரளை கலந்த செம்மண்ணில் இருக்கும் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கார்த்திகைக் கடைசியில் தொடங்கிய கவாத்து வேலை, மாசி பிறந்த பிறகுதான் ஓய்ந்தது. குளிர் நாடுகளின் தோட்டக் கையேடுகள் பெரும்பாலான மரங்களைக் குளிர்காலம் முடிவதற்குள் வெட்டச் சொல்வதற்குக் காரணம், அங்கே மரங்கள் இலையுதிர்த்து உறங்குவதுதான். மதுரையில் மார்கழிப் பனியிலும் செடிகள் உறங்குவதில்லை. வளர்ச்சி சற்று மந்தமாகும், அவ்வளவே. ஆகவே குளிரைப் பார்த்து நாள் குறிக்காமல், ஒவ்வொரு செடியும் புதுத்தளிரில் பூக்கிறதா, இப்போது பூவும் பிஞ்சுமாக நிற்கிறதா என்று பார்த்தே இம்முறை கத்தரியை எடுத்தேன்.

முதலில் மல்லிகை. எங்களிடம் இருப்பது 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற, குண்டுமல்லி வகையைச் சேர்ந்த மதுரை மல்லிதான். இதன் கன்றுகள் பெரும்பாலும் இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பகுதியிலிருந்து வருவது வழக்கம். மல்லிகை புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியில் மொட்டு வைக்கும் செடி என்பதால், பழைய கிளைகளை எவ்வளவு சேர்த்து வைத்தாலும் புதர்தான் அடர்கிறதே தவிர, பூ கூடுவதில்லை. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம் எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூன்றுக்கும் தனித்தனிக் காலம் வகுத்திருக்கிறது. தரையிலிருந்து குண்டுமல்லிக்கும் பிச்சிக்கும் 50 செ.மீ., முல்லைக்கு 45 செ.மீ. உயரம் விட்டு வெட்ட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் தை முகூர்த்தங்களின்போது மல்லிகை விலை எட்டாத உயரத்துக்குப் போவதற்கும் இதில் பாதி விளக்கம் இருக்கிறது: பனிக்காலத்தில் செடி மொட்டு வைப்பது இயல்பாகவே குறைவு, அதோடு கவாத்து முடிந்து மொட்டையாக நிற்கும் தோட்டங்களும் சேர்ந்துகொள்கின்றன.

வீட்டுத் தோட்டத்துக்கு இந்தக் காலக்கணக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்க்க விரும்பி, கிழக்கு வரிசைச் செடிகளைக் கார்த்திகைக் கடைசியிலும், சுவரோரச் செடிகளைப் பொங்கல் கழிந்த பிறகும் வெட்டினேன். இரண்டு வரிசைக்கும் முறை ஒன்றே. வெட்டுவதற்கு முன் சில நாட்கள் தண்ணீரை நிறுத்திச் செடியை லேசாக வாடவிட்டேன். காய்ந்த குச்சி, நோய்கண்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை முதலில் அடியோடு நீக்கிய பிறகே உயரத்தைக் குறைத்தேன். மிஞ்சிய இலைகளையும் கையால் உருவிவிட்டேன். வெட்டுவாய் சாய்வாகவும், வெளிப்புறம் பார்க்கும் கணுவுக்குச் சற்று மேலாகவும் இருந்தால், புதுத்துளிர் புதரின் நடுவே நெருக்காமல் வெளியே விரிகிறது. கிழக்கு வரிசை மார்கழி முழுவதும் தயங்கித் தயங்கித் துளிர்த்து, மாசி தொடங்கியதும் மொட்டுக் காட்டியது. சுவரோர வரிசையோ, வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் வெட்டுப்பட்டதாலோ என்னவோ, மிக விரைவாகத் துளிர்த்துவிட்டது. ஆனால் மொட்டு இன்னும் இல்லை. விற்பனைக்குப் பயிரிடுபவருக்கு இந்த இடைவெளி பெரிய நட்டம். வீட்டுத் தேவைக்கு வளர்ப்பவருக்கு, எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் ஓயாமல், பூ தொடர்ந்து கிடைக்க இது ஒரு வழி என்பது என் கருத்து.

வெட்டிய கையோடு செடியைச் சுற்றி ஓரடி தூரத்துக்கு மண்ணைக் கொத்தி, கோரைக் கிழங்குகளைத் தோண்டி எடுத்து, பாத்தியைச் சில நாட்கள் வெயில் காயவிட்டேன். கோரையை மேலாகப் பிடுங்குவதால் பயனில்லை. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை அது திரும்பத் திரும்ப முளைக்கும். பிறகு செடி ஒன்றுக்கு 10 கிலோ அளவில் மக்கிய தொழுவுரமும், இரண்டு கை வேப்பம்புண்ணாக்கும் இட்டு நீர் பாய்ச்சினேன். எங்கள் சரளை மண்ணில் ஈரம் தங்காது என்பதால் கண்மாய் வண்டலும் கொஞ்சம் சேர்த்தேன். வண்டலை மட்டும் தனியாகக் கொட்டினால் காயும்போது பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண்ணோடும் எருவோடும் கலந்து போடுவதே நல்லது.

கொய்யாவும் புதுத்தளிரில் பூத்துக் காய்க்கும் மரம்தான். மாசியில் அதன் கிளை நுனிகளை 10 முதல் 15 செ.மீ. வரை வெட்டியதில் பக்கக் கிளைகள் நன்றாகப் பிரிந்து வருகின்றன. அதில் ஒரு கனத்த கிளை மாடிப்படியை மறைத்ததால் அதையும் எடுக்க நேர்ந்தது. கனத்த கிளையை மேலிருந்து ஒரே மூச்சில் அறுத்தால், பாதியிலேயே பாரம் தாங்காமல் முறிந்து, அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். எனவே அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கீழ்ப்பக்கம் கால்வாசி அறுத்து, அதற்கும் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்திய பிறகு, மீதமிருக்கும் கட்டையைக் கிளை புறப்படும் புடைப்பை ஒட்டிச் சீராக அறுத்தேன். அந்தப் புடைப்பைச் சேதப்படுத்தாமல் விட்டால்தான் காயத்தைச் சுற்றிப் பட்டை வளர்ந்து மூடும்.

பெரிய வெட்டுவாயில் பூஞ்சை தாக்காமல் இருக்கப் போர்டோ பசை பூசினேன். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாக்கிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் துருப்பிடித்திராத இரும்புக் கத்தி முனையைச் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்தால், செம்பு நிறப் படலம் படிகிறதா என்பது தெரியும். படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். மயில்துத்தம் நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதோடு, கலக்கும்போது கையுறையும் அணிய வேண்டும். சிறிய குச்சிகளை வெட்டிய இடங்களுக்கு எதுவும் பூசவில்லை. கத்தரியைச் சாணை பிடித்து, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்ததே போதுமானதாக இருந்தது.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி அடைந்த நுனிகளை வெட்டி, உரக்குழியில் போடாமல் எரித்தேன். எலுமிச்சையில் செங்குத்தாகக் கிளம்பும் நீர்ப்போத்துகளையும் பட்ட குச்சிகளையும் மட்டும் எடுத்தேன். கறிவேப்பிலை குளிரில் துளிர்க்கச் சுணங்கும் என்பதால், அதன் தலையை மாசி வெயில் வந்த பிறகே கிள்ளினேன்.

மாவில் கை வைக்கவே இல்லை. தையில் பூத்து நிற்கும் மரத்தை வெட்டினால் அந்த வருடக் காயையே வெட்டியதாகும். முருங்கையும் அப்படித்தான், கிளைகள் வீட்டுக் கூரையைத் தொடுவதால் இப்போதே வெட்டச் சொல்லி வீட்டில் வற்புறுத்தல் இருந்தாலும், பூவும் பிஞ்சுமாக இருப்பதைக் காட்டித் தவணை வாங்கியிருக்கிறேன். சித்திரையில் காய் ஓய்ந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டி, அந்த வெட்டுவாய்க்கும் இதே பசையைப் பூச எண்ணம்.

வெட்டிய கொய்யா, கறிவேப்பிலைத் தழைகளைத் துண்டாக்கி மல்லிகைப் பாத்திகளில் மூடாக்காகப் பரப்பியாயிற்று. தைப்பட்டத்துக்கு ஒதுக்கிய மேற்குப் பாத்தியில் வெண்டையும் பீர்க்கும் முளைத்துவிட்டன; பங்குனி வெயில் கடுமையாவதற்குள் அதற்கு மேல் நிழல்வலைப் பந்தல் கட்டும் வேலை மட்டும் பாக்கியிருக்கிறது.