கரண்ட் பில்லு 500 யூனிட்டைத் தாண்டாம இருக்கணும்னா

தமிழ்நாட்டுல வீட்டு கரண்ட் பில்லைக் குறைக்கணும்னு நினைக்கிறவங்க முதல்ல மனசுல வெச்சுக்க வேண்டிய நம்பர் 500. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கறாங்கல்ல, அதுல 500 யூனிட்டுக்குள்ள நின்னா ஒரு கணக்கு, ஒரே ஒரு யூனிட் கூடிட்டாலும் வேற கணக்கு. 2024 ஜூலை ரேட்டுல போட்டுப் பாருங்க. சரியா 500னா முதல் 100 ஃப்ரீ, அடுத்த 100க்கு யூனிட் 2.35, அப்புறம் 400 வரைக்கும் 4.70, கடைசி 100க்கு 6.30, ஆக 1805 ரூபா. 501 ஆச்சுன்னா 101வது யூனிட்ல இருந்தே மானியம் போயிடும், அங்கேருந்து 400 வரைக்கும் 4.80, அடுத்த 100க்கு 6.45ன்னு போட்டு பில்லு 2090ஐத் தாண்டிடும். அதுக்கு மேல 600 வரைக்கும் யூனிட் 8.55, 800 வரைக்கும் 9.65.

இதை எதுக்கு இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா, நீங்க மிச்சம் பிடிக்கிற யூனிட் எப்பவும் மேல இருக்கற விலை கூடின யூனிட்டுதான். 650 யூனிட் ஓடற வீட்டுல 50 யூனிட் குறைச்சா கிட்டத்தட்ட 480 ரூபா அப்படியே நிக்கும், 250 யூனிட் ஓடற வீட்டுல அதே 50 குறைச்சா அதுல பாதிதான். அதனால யூட்யூப்ல யாரோ போட்டதைப் பார்த்துட்டு எதையாவது வாங்கறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு கரண்ட் எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கணும்.

அதுக்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், வாசல்ல இருக்கற மீட்டரே போதும். அதுல ஒரு குட்டி சிவப்பு லைட் மினுக்கு மினுக்குன்னு மின்னும் பாருங்க, அது சும்மா மின்னறதில்ல. பக்கத்துலயே 3200னு போட்டிருக்கும், சில மீட்டர்ல வேற நம்பர் இருக்கும், 3200 தடவை மின்னினா ஒரு யூனிட்னு அர்த்தம். வீட்டுல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிட்டு ஒரே ஒரு பொருளை மட்டும் ஆன் பண்ணுங்க, ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு போன்ல டைம் பாருங்க, 3200 மீட்டர்னா 1125ஐ அந்த செகண்டால வகுத்தா அது எத்தனை வாட்ஸ் இழுக்குதுன்னு வந்துடும். 15 செகண்டுக்கு ஒரு தடவை மின்னினா 75 வாட்ஸ். எல்லாமே ஆஃப்ல இருக்கும்போதும் நிக்காம மின்னிட்டே இருந்தா எங்கயோ ஏதோ ஓடுது இல்ல லீக்கேஜ் இருக்கு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிடுங்க.

எங்க வீட்டுல (மதுரை, மாடி வீடு, மேல மொட்டைமாடிதான்) இப்படிப் பார்த்தப்ப முதல்ல மாட்டினது ஃபேன்தான். எல்லாரும் ஏசியைத்தான் திட்டுவோம், ஆனா நம்ம ஊர்ல ஃபேன் வருஷம் பூரா சுத்துது. பழைய ஃபேன் 75 வாட்ஸ், நாளைக்கு 20 மணி நேரம் ஓடினா ஒன்றரை யூனிட், ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட், ஒரே ஒரு ஃபேனுக்கு! பிஎல்டிசின்னு சொல்ற, கரண்ட் கம்மியா இழுக்கற புது மோட்டார் ஃபேன் ஃபுல் ஸ்பீடுலயே 30 வாட்ஸ் பக்கம்தான் இழுக்கும், 36 யூனிட்டோட முடிஞ்சிடும். மூவாயிரம் ரூபா கிட்ட விலை இருக்கேன்னு யோசிப்பீங்க, ஹால்லயும் பெட்ரூம்லயும் அதிகம் ஓடற ஃபேனை மட்டும் முதல்ல மாத்துங்க, கெஸ்ட் ரூம் ஃபேனை விட்டுடுங்க. மாட்டும்போது சுவத்துல இருக்கற ரெகுலேட்டரைக் கழட்டிட்டு நேரடியா சுவிட்ச்ல கனெக்‌ஷன் கொடுக்கச் சொல்லணும், இல்லன்னா ஃபேன் போர்டு கெட்டுப் போகலாம். கரண்ட் கட்டானா இன்வெர்ட்டர்ல டபுள் மடங்கு நேரம் ஓடும், மே மாசம் அது எவ்ளோ பெரிய விஷயம்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

அம்மா பத்தி இங்க சொல்லியே ஆகணும். பில்லு ஏறுதுன்னு ராத்திரி ஃபேனை ஒண்ணுல வெச்சுட்டு வேர்த்து விறுவிறுத்துப் படுத்திருப்பாங்க. "எனக்கு இதுவே போதும்டா, நீ வேலைக்குப் போறவன், நீ வெச்சுக்க"ம்பாங்க. நிறைய வீட்டுல பெரியவங்க இப்படித்தான் கரண்டை மிச்சம் பிடிக்கறாங்க, எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது. உடம்பை வருத்தி மிச்சம் பிடிக்கறது மிச்சமே இல்ல. ஃபேனை மாத்தினப்புறம் இப்ப அம்மா அஞ்சுல வெச்சுத் தூங்கறாங்க, அப்பவும் பழைய ஃபேன் ஃபுல் ஸ்பீடுல இழுத்ததுல பாதி கூட இழுக்கல.

அடுத்தது மோட்டார். 1 ஹெச்பி போர் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினா ஏறக்குறைய ஒரு யூனிட். டேங்க் நிரம்பி வழியுதுன்னா அது தண்ணி மட்டும் இல்ல, கரண்டும் சேர்ந்துதான் வழியுது, ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் ஒண்ணு போட்டுடுங்க. இதைவிட மோசமானது ஃப்ளஷ் டேங்க், கண்ணுக்கே தெரியாம ஒழுகும். கொஞ்சம் மஞ்சத்தூளைக் கரைச்சு ஃப்ளஷ் டேங்க்ல ஊத்திட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கீழ கோப்பைல மஞ்சளா இறங்கியிருந்தா உள்ள ரப்பர் வாஷர் போயிடுச்சுன்னு அர்த்தம். வாஷர் மாத்தறது சின்ன செலவு. எங்க மாடி பாத்ரூம்ல அதை மாத்தினப்புறம் தினமும் ரெண்டு வேளை ஓடின மோட்டார் ஒரு வேளையோட நின்னுடுச்சு.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு சின்ன டெஸ்ட், கதவு இடுக்குல பத்து ரூபா நோட்டை வெச்சு மூடிட்டு இழுங்க, லேசா வழுக்கிட்டு வந்தா ரப்பர் தளர்ந்துடுச்சு, குளிர் வெளிய போகுது. புதுசு வாங்கறவங்க எத்தனை ஸ்டார்னு மட்டும் பார்க்காதீங்க, லேபிள்ல எந்த வருஷத்து ஸ்டார்னும் வருஷத்துக்கு எத்தனை யூனிட்னும் போட்டிருப்பாங்க, அந்த யூனிட்டைத்தான் ஒப்பிடணும், ஏன்னா ஸ்டார் அளவுகோலை அப்பப்ப இறுக்கிட்டே வர்றாங்க, பழைய 5 ஸ்டாரும் இப்ப உள்ள 5 ஸ்டாரும் ஒண்ணு இல்ல.

இப்ப மொட்டைமாடிக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. கான்கிரீட் தளம் பகல் பூரா வெயிலைக் குடிச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு ரூமுக்குள்ள கக்கும், அதான் ஃபேன் போட்டா அனல் காத்து அடிக்குது, ஏசி போட்டாலும் குளிர லேட்டாகுது. பிப்ரவரி கடைசில, ஐப்பசி கார்த்திகை மழைல படிஞ்ச பாசியெல்லாம் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவிட்டு, நல்லா காஞ்சதும் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சோம். பாதி தளம் முடிஞ்ச அன்னிக்கு மூணு மணி வெயில்ல செருப்பில்லாம நின்னு பார்த்தேன், பெயிண்ட் அடிக்காத தட்டோடு மேல காலை வெச்சா உடனே எடுக்க வேண்டியதுதான், வெள்ளைப் பக்கம் நிம்மதியா நடக்க முடிஞ்சுது. தெலங்கானா அரசு 2023ல கூல் ரூஃபுக்குன்னே தனிக் கொள்கை கொண்டு வந்துச்சு, நம்ம ஊர் வெயிலுக்கும் அப்படி ஒண்ணு கட்டாயம் வேணும். தூசி படிஞ்சா வெள்ளையோட வேலை குறைஞ்சிடும், வருஷா வருஷம் கோடைக்கு முன்னாடி ஒரு தடவை கழுவி விடணும், அவ்ளோதான்.

மேற்குப் பக்க ஜன்னலுக்கு உள்ள கனமா கர்ட்டன் போடறதை விட வெளிய தட்டியோ பச்சை வலையோ கட்டுங்க. கண்ணாடி வழியா வெயில் உள்ள வந்தப்புறம் தடுத்து என்ன பிரயோஜனம், சூடு வீட்டுக்குள்ள வந்தாச்சே. பாட்டி வீட்டுல தென்னங்கீத்துத் தட்டியை வெளிப்பக்கம்தான் தொங்க விடுவாங்க.

இதெல்லாம் முடிச்சுட்டு ஏசியை 26ல வெச்சு கூட ஃபேனையும் ஓட விடுங்க. 1 டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் மிச்சம்னு மத்திய அரசோட மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லுது.

அப்ப சோலார் போடலாமான்னு கேப்பீங்க. மத்திய அரசோட பிஎம் சூரிய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2க்கு 60 ஆயிரம், 3ம் அதுக்கு மேலயும் 78 ஆயிரம் மானியம் உண்டு, 1 கிலோவாட் பேனல் நம்ம வெயிலுக்கு நாளைக்கு சராசரியா 4 யூனிட் தரும். நல்ல விஷயம்தான், ஆனா முதல்ல ஒழுகறதையெல்லாம் அடைச்சிட்டுப் போடுங்க, 3 கிலோவாட் தேவைப்பட்ட வீட்டுக்கு 2 கிலோவாட்டே போதும்னு ஆகலாம். ஏற்கனவே 500க்குள்ள இறங்கிட்ட வீடுன்னா போட்ட காசு திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும், அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

வாடகை வீட்டுல இருக்கறவங்க பெயிண்ட்டுக்கும் பேனலுக்கும் காசு போட முடியாது, தெரியும். நீங்க ஃபேன், எல்இடி டியூப், ஜன்னல் தட்டி, இந்த மூணோட நிறுத்திக்கங்க, காலி பண்ணும்போது கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம். பழைய ஃபேனைப் பத்திரமா அட்டைப்பெட்டில போட்டு பரண்ல வெச்சிருங்க, போகும்போது ஓனருக்குத் திரும்ப மாட்டிக் கொடுக்கணும்.