சர்க்கரை நோய்ப் பிரிவிலிருந்து குடும்பச் சிகிச்சை அறைவரை

எங்கள் 14 வயது மகளுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். சிறு வயது முதலே இன்சுலின் போட்டு வருகிறாள். எனவே நோய் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் கடந்த ஆண்டில் கீட்டோ அசிடோசிஸ் (இன்சுலின் போதாமல் இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) ஏற்பட்டு, அவளைத் திரும்பத் திரும்ப ஐ.சி.யு.வில் சேர்க்க வேண்டியதாயிற்று. தொற்று எதுவும் இல்லை, மருந்தும் கெட்டுப்போகவில்லை. வளரிளம் பருவத்தில் இது அடிக்கடி வந்தால் ஊசி தவறவிடப்படுவதே பெரும்பாலும் காரணம் என்று விளக்கிய மருத்துவர், குடும்பச் சிகிச்சைக்கு, அதாவது குடும்பத்தினரைச் சேர்த்து அமரவைத்துப் பேசித் தரும் மனநலச் சிகிச்சைக்கு, செல்லும்படி ஒரே வரியில் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் அலைந்த அலைச்சல் இதே நிலையில் உள்ள பிற பெற்றோருக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வரவேற்பில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு எங்களைக் குடும்ப நலப் பிரிவுக்கு அனுப்பினார். அது கருத்தடை ஆலோசனை தரும் இடம். பள்ளிச் சீருடையில் நின்ற என் மகளைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அன்று மாலைவரை என்னோடு பேசவில்லை. நம் மருத்துவமனைகளில் குடும்பச் சிகிச்சையாளர் என்ற பெயர்ப்பலகையைக் காண்பது அரிது. அந்தப் பணியைப் பெரும்பாலும் செய்பவர்கள் மனநலத் துறையைச் சேர்ந்த மனநல சமூகப் பணியாளர்களும் மருத்துவ உளவியலாளர்களும்தான். ஆகவே எந்தத் துறை, யாரைப் பார்க்க வேண்டும், எதற்காக அனுப்புகிறார் என்ற மூன்றையும் சீட்டில் எழுதித் தரும்படி மருத்துவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மனநலத் துறைப் பதிவு மேசையில் அடுத்த சிக்கல். "பேஷண்ட் யாரும்மா?" என்று கேட்டார் எழுத்தர். குடும்பம் முழுவதும் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அப்படியானால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓ.பி. சீட்டு போட வேண்டும், தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டும் என்றார். என் மாமியாருக்கும் கணவருக்கும் மனநலத் துறையில் நோயாளியாகப் பதிவு எண் கொடுக்கப்பட்டது. இது தேவையே இல்லை என்று பின்னர் தெரிந்தது. குழந்தையின் பதிவு எண்ணின் கீழேயே அனைவரும் அமரலாம். கோப்பும் ஒன்றாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட மனம் வெந்தது முதல் சந்திப்பு நாளில் நடந்ததை நினைத்துத்தான். கணவர் விடுப்பு எடுத்து, மாமியார் கிராமத்திலிருந்து வந்து, நாங்கள் விழுப்புரத்திலிருந்து விடியற்காலை ரயிலில் சென்னைக்குச் சென்றிருந்தோம். நாங்கள் பார்க்க வேண்டியிருந்த சமூகப் பணியாளர் முகாமுக்குப் போய்விட்டார். எங்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. பயிற்சி மருத்துவர் ஒருவர் மகளை மட்டும் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, "எதிர்ப்பு மனப்பான்மை உடையவள், சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை" என்று கோப்பில் எழுதினார். அதன் பிறகு அவளைப் பார்த்த ஒவ்வொருவரும் அந்த வரியைப் படித்துவிட்டே பேசத் தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து செல்பவர்கள் பொதுத் தொலைபேசி எண்ணை நம்ப வேண்டாம். சிகிச்சையாளரின் அறைத் தொலைபேசி எண்ணுக்கே முந்தின நாள் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த சந்திப்பு எளிதாகவே கிடைத்தது. சமூகப் பணியாளர் முதலில் எங்கள் குடும்ப வரைபடத்தைத் தாளில் வரைந்தார். பிறகு மகளின் சர்க்கரை அளவுக் குறிப்பேட்டையும் குளுக்கோமீட்டரையும் மேசைமீது வைத்தார். குறிப்பேட்டில் 110, 125, 130 என்று எல்லாம் ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதியது போல் இருந்தன. கருவியின் நினைவகத்திலோ 300க்கு மேற்பட்ட அளவுகளும், எதுவுமே பதிவாகாத நாட்களும் இருந்தன. அவர் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களைப் பார்த்து, "இதில் 300 என்று எழுதியிருந்தால் அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டார். "நான் அழுவேன்மா, அவன் கத்துவான்" என்றார் மாமியார். அறையில் இருந்த அனைவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

1970களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் குடும்பச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடார் மினுச்சினின் குழுவினர் இப்படித் திரும்பத் திரும்ப மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சர்க்கரை நோய்க் குழந்தைகளோடு அவர்களது குடும்பங்களையும் அமரவைத்துச் சிகிச்சை அளித்ததைச் சமூகப் பணியாளர் எங்களுக்குச் சொன்னார். அந்த ஆய்வின் கருத்துகள் பிற்பாடு கடுமையாக விவாதிக்கப்பட்டவை என்பதையும் மறைக்கவில்லை. முதல் வகை நோய் உடலின் எதிர்ப்பாற்றல் கணையச் செல்களையே தாக்குவதால் வருவது, எந்தக் குடும்பமும் அதை உண்டாக்குவதில்லை என்று அவர் அழுத்தமாகக் கூறியபோதுதான் என் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பின்னர் மகளிடம் தனியே பேசியபோது வேறொன்று வெளிவந்தது. ஒருமுறை இரவில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, வியர்த்து, குரல் எழுப்பக்கூட முடியாமல் கிடந்திருக்கிறாள். அந்தப் பயத்தில்தான் இரவு ஊசியைத் தவிர்த்து வந்தாள். அவளுடைய அனுமதியைக் கேட்டுப் பெற்ற பிறகே அவர் இதை எங்களிடமும் சர்க்கரை நோய் மருத்துவரிடமும் கொண்டுசென்றார். இரு துறையினரும் எங்களோடு ஒரே அறையில் அமர்ந்தார்கள்; இரவு மருந்தின் அளவும் படுக்கும் நேரத்து இலக்கும் மாற்றப்பட்டன. மருத்துவமனையில் இத்தகைய சிகிச்சையாளர் இருப்பதன் பயனை நான் கண்ணாரக் கண்ட இடம் இதுதான். நாங்கள் வெளியே தனி ஆலோசகரிடம் போயிருந்தால் பயம் தணிந்திருக்கலாம், மருந்தின் அளவு மாறியிருக்காது. அந்தக் கூட்டுச் சந்திப்பை நீங்கள் கேட்காமல் யாரும் ஏற்பாடு செய்ய மாட்டார்கள், கேளுங்கள்.

வீட்டில் ஏற்பாடு எளிமையானது. இரவு ஊசி போடும்போது கணவர் அருகில் இருக்கிறார், எண்ணைப் பார்ப்பவரும் அவர் மட்டுமே. பார்த்ததும் எதுவும் பேசுவதில்லை, தேவையான திருத்தத்தை மட்டும் செய்கிறார். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 11.4இலிருந்து 8.6க்கு இறங்கியிருக்கிறது. இலக்கு இன்னும் எட்டப்படவில்லை, ஆனால் ஐ.சி.யு. பக்கம் போகவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மருத்துவக் காப்பீடு புறநோயாளிச் செலவை ஏற்காததால் அமர்வுகளுக்கு ஒரு ரூபாயும் திரும்பக் கிடைக்கவில்லை. செலவு தாங்காதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலத் துறையில் விசாரிக்கலாம். மனநோய்க்குக் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெற வேண்டியவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையமும் பெங்களூரு நிம்ஹான்ஸின் குடும்ப மனநலப் பிரிவும் பல பத்தாண்டுகளாக அந்த வசதியை அளித்து வருகின்றன.

கோப்பில் இருந்த அந்த "எதிர்ப்பு மனப்பான்மை" வரியை அழிக்க முடியாது என்றார்கள். எழுத்து மூலம் கேட்டேன். இரவில் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்ற அச்சமே ஊசி தவறியதற்குக் காரணம் என்ற குறிப்பு, துறைத் தலைவரின் கையொப்பத்தோடு அதன் கீழே சேர்க்கப்பட்டது. அதன் நகலை இப்போது ஒவ்வொரு சந்திப்புக்கும் எடுத்துச் செல்கிறோம். சர்க்கரை தாழும்போது வகுப்பில் அவள் இனிப்பு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுப் பள்ளிக்குக் கொடுத்த விண்ணப்பத்தோடும் அதைத்தான் இணைத்தோம்.