தெசலோனிக்கியின் மேட்டுத் தெருக்கள்: அக்டோபர் நாட்குறிப்பு

2025 அக்டோபர் 9, வியாழன்

கிரேக்க நாட்டுத் துறைமுக நகரான தெசலோனிக்கியில் பழைய தெருக்களைத் தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, 1917-ல் தீ எதுவரை போனது என்பதை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 18, சனிக்கிழமை, ஓர் அகதிக் குடும்பத்தின் அடுப்பிலிருந்து தெறித்த பொறி வைக்கோலில் விழுந்தது. வடமேற்கிலிருந்து வர்தாரிஸ் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. ஊர்த் தண்ணீரில் பெரும்பகுதியை, முதல் உலகப் போருக்காக அங்கே தங்கியிருந்த நேசநாட்டுப் படைகள் தங்கள் முகாம்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் எடுத்துக்கொண்டிருந்தன. 32 மணி நேரத்தில் சுமார் 9,500 வீடுகள் எரிந்தன, 70,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். காற்று தீயைக் கடல் பக்கம் தள்ளியதால் மேலே இருந்த அனோ போலி (மேல் ஊர்) தப்பியது. எரிந்த தாழ்நிலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் எப்ரார் வகுத்த திட்டப்படி நேரான அகலச் சாலைகள் வந்தன.

இந்த எல்லையைக் காலே சொல்லிவிடும். ஒலிம்பியாடோஸ் சாலையைத் தாண்டி ஏறத் தொடங்கினால், கொஞ்ச தூரத்திலேயே தெரு குறுகி, வளைந்து, படிக்கட்டாகிவிடுகிறது.

அக்டோபர் 11, சனி

மேலிருந்து கீழே இறங்குவதுதான் சரியான வழி. கீழிருந்து ஏறுகிறவர்கள் பாதியிலேயே களைத்து, ஏதாவது காபிக் கடையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய நகர மதிலின் ஓரத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை. 2024 நவம்பர் 30-ல் திறந்த மெட்ரோ தாழ்நிலத்தில் மட்டும்தான் ஓடுகிறது, மேட்டுக்கு வராது. 23-ம் எண் பஸ் பிடித்து எப்டாபிர்கியோ கோட்டைப் பக்கம் இறங்கிக்கொள்ளுங்கள். பஸ் சிறியது, தெரு அதைவிடச் சிறியது. எதிரே ஒரு வண்டி வந்தால் நின்றுவிடும், அதனால் நேரத்தைக் கணக்குப் போட்டு வராதீர்கள்.

எப்டாபிர்கியோ 1989 வரை சிறைச்சாலையாக இருந்தது. அங்கிருந்து மதிலை ஒட்டி திரிகோனியோ கோபுரம் வரை நடக்கலாம். வர்தாரிஸ் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, வளைகுடாவுக்கு அப்பால் ஒலிம்பஸ் மலை துல்லியமாகத் தெரியும். ஈரப்பதமான நாளில் கடலே மங்கல்தான்.

பலர் கோபுரத்தில் படம் எடுத்ததோடு திரும்பிவிடுகிறார்கள். மதிலின் உட்புறத்தையும் பாருங்கள். சுவரையே பின்சுவராக வைத்து, ஓர் அறை, இரண்டு அறை என்று வரிசையாகச் சின்ன வீடுகள் இருக்கின்றன. 1923 கிரேக்க–துருக்கி மக்கள் பரிமாற்றத்தில் ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிகள் கட்டியவை. இவற்றை காஸ்த்ரோப்ளிக்தா என்பார்கள். மாளிகைகளைவிட இந்த வீடுகள்தாம் அனோ போலியின் கதையை நேராகச் சொல்கின்றன. பலவற்றில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

கொஞ்சம் கீழே விலாதாடோன் மடம். 14-ம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது, இன்றும் துறவிகள் இருக்கிறார்கள், முற்றத்தில் மயில்கள் திரிகின்றன. விவிலியத்தில் தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபங்களைப் படித்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பவுல் இந்த இடத்தில்தான் பிரசங்கித்தார் என்பது உள்ளூர் மரபு. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. உருண்டைக் கல் பாவிய சரிவுகள் தேய்ந்து வழவழப்பானவை, நனைந்தால் வழுக்கும். தோல் அடி கொண்ட செருப்பு ஆகவே ஆகாது. வரைபடச் செயலி படிக்கட்டையும் சாலை மாதிரியே காட்டும். குழந்தை வண்டியோ சக்கரப்பெட்டியோ கொண்டுவந்தால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே அறை எடுத்திருந்தால், டாக்சி எந்த முனை வரை வரும் என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அக்டோபர் 16, வியாழன்

ஓசியோஸ் டேவிட் தேவாலயம். காலையில் வருவதே நல்லது, மதியத்துக்குப் பின் பூட்டியிருக்கும் வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். மேற்குப் பகுதி இடிந்துபோனதால் தெற்குப் பக்கமாக உள்ளே நுழைய வேண்டும், நுழைந்ததும் எந்தத் திசை என்று குழம்பும். வலப்பக்கம் திரும்பி, பீடத்துக்கு மேலே உள்ள அரைக்குவி மாடத்தைப் பாருங்கள். தாடியில்லாத இளம் கிறிஸ்து வானவில்மேல் அமர்ந்திருக்கிறார். ஒளிவட்டத்தின் விளிம்பிலிருந்து நான்கு உயிர்கள் வெளிப்படுகின்றன. ஒரு பக்கம் தீர்க்கதரிசி எசேக்கியேல் திகைத்துக் கைகளை உயர்த்தியிருக்கிறார், மறுபக்கம் தீர்க்கதரிசி ஆபகூக் கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறார். காலடியில் நதிகள், அவற்றில் மீன்கள். ஒட்டோமான் ஆட்சியில் மசூதியாக இருந்த காலத்தில் காரை பூசி மூடிய இந்த மொசைக் (சிறு கற்களைப் பதித்த ஓவியம்), 1921-ல் தான் மறுபடி வெளிப்பட்டது. உள்ளே வெளிச்சம் குறைவு. சில நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு சற்று இடம் மாறி நில்லுங்கள். கற்களின் மினுக்கம் அப்போதுதான் தெரியும்.

ஊரில் ஒரே ஒரு தேவாலயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதற்கே வாருங்கள்.

அக்டோபர் 18, சனி

பழைய வீட்டை அடையாளம் காண்பது பற்றி. கீழ்த்தளம் கல், நடுநடுவே சுவரைக் கட்டிப்பிடிக்கும் கிடைமட்ட மரச்சட்டங்கள். மேல்தளம் மரச் சட்டகம்: மெல்லிய மரப்பட்டைச் சட்டங்களை நெருக்கி ஆணியடித்து, மேலே சுண்ணாம்புக் காரை. தெருவுக்குமேல் துருத்தி நிற்கும் அறைக்கு சஹ்னிசி என்று பெயர். எடை குறைந்த மேல்தளம் நிலநடுக்கத்தில் வளைந்து கொடுக்கும்.

கேடு வருவது தண்ணீரால். கூரைத் தாழ்வாரத்தின் தகரக் குழாய் ஓரிடத்தில் ஓட்டையானால், சஹ்னிசியைத் தாங்கும் முட்டுக்கட்டைகள் முதலில் மக்கும். அதைவிடப் பெரிய தவறு, பழுது பார்க்கிறோம் என்று சிமென்ட் பூசுவது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே பூட்டிவைக்கும். சில ஆண்டுகளில் உள்ளே மரம் பொடியாகிவிடும், வெளியே சுவர் புதிதுபோலவே நிற்கும். இப்படி இழந்த வீடுகளை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

புதிய கான்கிரீட் வீடுகளும் பழைய தோற்றத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. சஹ்னிசியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். பழையதில் பலகைகளும் லேசான தொய்வும் இருக்கும், புதியதில் ஒரே சமதளம்.

பிற்பகல் 3.30 முதல் 5.30 வரை சட்டப்படி அமைதி நேரம். குழுவாக வந்தால் குரலைத் தாழ்த்துங்கள்.

அக்டோபர் 23, வியாழன்

தீ தொடாத இன்னொரு துண்டு, துறைமுகத்தை ஒட்டிய லதாதிகா. முன்பு ஆலிவ் எண்ணெய் மொத்த வியாபாரம், இப்போது முழுக்க உணவகங்கள். காலையில் கதவு திறக்கும் முன் போனால் கட்டடங்களைப் பார்க்கலாம், இரவில் மேசை நாற்காலிதான் தெரியும்.

நடைதூரத்தில் கபானி சந்தை: மீன், ஆலிவ், மசாலா. ஞாயிறு விடுமுறை. காலை பத்துக்குள் போங்கள். வெனிசேலூ மெட்ரோ நிலையத்தில், தோண்டும்போது கிடைத்த பைசாந்தியக் காலக் கடைவீதியை மறுபடி அதே இடத்தில் பதித்து வைத்திருக்கிறார்கள். டிக்கெட் 60 சென்ட்தான்.

அக்டோபர் 25, சனி

நாளை புனித திமித்ரியோஸ் திருநாள். 1912-ல் ஊர் கிரேக்கத்தோடு சேர்ந்ததும், அன்றைய பழைய நாட்காட்டிப்படி, இதே நாள்தான். 1917 தீயில் எரிந்த அவருடைய பேராலயம் 1949-ல் தான் மறுபடி திறந்தது. நாளை அதைச் சுற்றி நடக்கவே இடம் இருக்காது. 28-ம் தேதி கடற்கரையில் ராணுவ அணிவகுப்பு, பல சாலைகள் அடைபடும், பஸ்கள் தடம் மாறும். இந்த நாட்களில் வருகிறவர்கள் ரொத்தோண்டா என்ற பழைய வட்டக் கட்டடத்திலிருந்து நடந்தே ஏறிவிடலாம். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.