கான்டூர் கோடுகள் காணாமல் போனபோது

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் பிளாட்டர் என்ற பெரிய தாள் பிரிண்டரை வைத்து வரைபடம் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். கெட்டுப்போன கேட் ஃபைலை, அதாவது ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் வரைந்த படத்தை, மீட்பது அதோடு தானாக ஒட்டிக்கொண்ட வேலை. பிரிண்ட் எடுக்க வந்த இடத்தில் ஃபைல் திறக்காவிட்டால், "அண்ணா, நீங்களே ஏதாவது பண்ணிக் கொடுங்க" என்று பென்டிரைவை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கோடை மழைக் காலத்தில் இந்தக் கூட்டம் கூடும். ஏற்காட்டில் இடி இடித்துக் கரண்ட் போனால், பேட்டரி செத்த யுபிஎஸ் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எது வந்தாலும் முதலில் நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் கை வைப்பேன். ஃபைலுக்குள் இருப்பதை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அதைத் திறந்தால் முதல் ஆறு எழுத்திலேயே ஜாதகம் தெரிந்துவிடும். ஏசி1015 என்றிருந்தால் அது ஆட்டோகேட் 2000 வடிவம். ஏசி1027 என்றால் 2013. ஏசி1032 என்றால் 2018. பழைய ஆட்டோகேடில் புது வடிவத்தைத் திறக்கப் பார்த்துவிட்டு "ஃபைல் போச்சு" என்று ஓடி வருகிறவர்கள் உண்டு. கீழ் வெர்ஷனில் சேமித்துக் கொடுத்தால் அதோடு சரி.

அந்த இடத்தில் வரிசையாகப் பூஜ்யமே ஓடினால்தான் சங்கடம். ஃபைல் அளவு நாலு எம்பி என்று சரியாகவே காட்டும், உள்ளே ஒன்றும் இருக்காது. விண்டோஸின் கோப்பு முறை பெயர், அளவு போன்ற விவரங்களைப் பதிவேடு போட்டுக் காப்பாற்றும். உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அளவைக் குறித்துக்கொண்டு, உள்ளடக்கம் டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் முன் கரண்ட் போனால் இப்படித்தான் ஆகும். இதில் எந்த ரெக்கவரி மென்பொருளை ஓட்டியும் பயனில்லை, மீட்க அங்கே எதுவும் இல்லை. உடனே பேக் ஃபைலைத் தேட வேண்டியதுதான். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய படம் அதே ஃபோல்டரில் பேக் என்ற பின்னொட்டோடு இருக்கும். பின்னொட்டை ஆட்டோகேட் படத்துக்குரிய டிடபிள்யூஜி என்று மாற்றினால் திறந்துவிடும். "ஃபோல்டர் குப்பையா இருக்குதுன்னு ஆஃப் பண்ணி வெச்சிருந்தோம்ங்கண்ணா" என்று சொல்லும் ஆபீஸ்களை என்ன செய்வது? அப்போது தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் டெம்ப் ஃபோல்டரில் ஆட்டோசேவ் ஃபைல் கிடக்கிறதா என்று பார்ப்பேன். மாற்றாமல் விட்டிருந்தால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அது எழுதப்படும். படத்தை முறையாக மூடினால் அழிந்துவிடும், கணினி திடீரென்று அணைந்தால் அழியாமல் நிற்கும். ஆனால் 'கணினி வேகமாகும்' என்று டெம்ப்பைத் துடைக்கும் ஆப்பை யாராவது போட்டு வைத்திருந்தால் அதுவும் போச்சு.

கெடாத ஃபைலும் கெட்டதுபோல வருவது உண்டு. பழைய நில வரைபடங்களில் தமிழ்ப் பெயர்களைப் பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஓடை, கிணறு எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தெரியும். எழுத்துருவைப் போட்டால் தீர்ந்தது.

நான் பயப்படுவது திறக்காத ஃபைலுக்கு அல்ல. ரெக்கவர் கட்டளை கொடுத்ததும் சமர்த்தாகத் திறந்துகொள்கிறதே, அதற்குத்தான். ரெக்கவரும், பிழை தேடும் ஆடிட் கட்டளையும் முடிந்ததும் இத்தனை பிழை கண்டோம், இத்தனையும் சரிசெய்தோம் என்று கணக்குக் காட்டும். சரிசெய்ததில் அழித்ததும் அடக்கம். ஒரு கோட்டின் விவரம் சிதைந்து ஒட்ட வைக்க முடியாவிட்டால், அந்தக் கோட்டையே நீக்கிவிட்டு அதையும் 'சரிசெய்தது' கணக்கில் சேர்த்துவிடும்.

ஏற்காட்டு மலைச்சரிவில் ஒரு காப்பித் தோட்டம். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் அளந்து, ஒரு மீட்டர் உயர இடைவெளியில் கான்டூர் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்ட படம் அப்படித்தான் வந்தது. ரெக்கவர் கொடுத்ததும் திறந்தது. எல்லைக்கோடு, ரோடு, சில்வர் ஓக் வரிசை எல்லாம் இருந்தன. சர்வேயர் தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெரிதாக்கிப் பார்த்தபோது, ஓடைக்கு மேலே 1390 என்ற உயர எண் மட்டும் கோடே இல்லாமல் அந்தரத்தில் நின்றது. அதற்கு மேலும் கீழும் சில கோடுகளைக் காணோம்.

கட்டடப் படத்தில் ஒரு சுவர் போனால் பார்த்தவுடனே தெரியும். கான்டூர் அப்படி இல்லை. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். இடையில் நாலு கோடு போய்விட்டால் படம் கிழிந்தது போலத் தெரியாது; அந்த இடம் வீடு கட்டத் தோதான சமதளமாகத் தெரியும். அந்தத் தோட்டத்தில் விருந்தினர் விடுதிக்கு இடம் பார்ப்பதற்காகத்தான் அந்தப் படத்தையே வரைந்திருந்தார்கள்.

எஞ்சினியரிடம் முன்பு கொடுத்திருந்த பிரிண்டைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் விரித்து, படத்தின் அடுக்குகளான லேயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். பாதிக் கோடுகள் பேக் ஃபைலில் கிடைத்தன. மீதிக்கு டோட்டல் ஸ்டேஷனின் நினைவகத்தில் புள்ளிகள் அப்படியே இருந்தன. ஆனால் புள்ளிகளிலிருந்து மென்பொருள் இழுக்கும் கோடு ஓடைக்குக் குறுக்கே பாலம் போட்டதுபோல நேராகப் போகும். கரையில் வளைந்து திரும்ப வேண்டும் என்று அந்தத் தம்பி கையால் திருத்தியிருந்தார். கருவியில் அளவு மட்டும்தான் இருக்கும், அந்தத் திருத்தம் இருக்காது. பிரிண்டை ஸ்கேன் செய்து அடியில் வைத்து, அதன்மேல் அவரையே திரும்ப வரையச் சொன்னேன்.

புதிதாக வரைந்ததையெல்லாம் தனி லேயரில், 'மறுவரைவு' என்று பெயர் போட்டு ஊதா நிறத்தில் வைத்தேன். எஞ்சினியருக்கு அது பிடிக்கவில்லை. "பார்ட்டி பார்த்தா கேள்வி கேப்பாருங்க, எல்லாத்தையும் ஒரே கலராக்கிடுங்க" என்றார். சரி என்று நிறத்தை மட்டும் மாற்றினேன். லேயர் அப்படியே இருக்கிறது. எந்தெந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.