ரிகோ சுவாவேக்கு அப்புறம்

ஒரே பாட்டோடு காணாமல் போனவர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ராப் பாடகர் ஹெரார்டோ அதில் இருப்பார். சட்டை போடாத உடம்பு, தலையில் பந்தானா, ஊரிலுள்ள பெண்களெல்லாம் தன் பின்னால்தான் என்கிற அலட்டல். அந்த ஒரே பாட்டான 'ரிகோ சுவாவே'யின் வீடியோவை இப்போது பார்த்தால் சிரிப்புத்தான் வரும். தாராளமாகச் சிரியுங்கள். அந்த ஆள் அப்புறம் பார்த்த வேலையை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் குறை.

ஹெரார்டோ மெஹியா பிறந்தது ஈக்வடாரின் குவாயாகில் துறைமுக நகரில். சிறுவயதிலேயே குடும்பம் கலிபோர்னியாவின் கிளெண்டேலுக்கு வந்துவிட்டது. நடனம் ஆடினார், சினிமாவில் சின்ன வேடங்கள் செய்தார். 1990இல் ஜிம்மி அயோவினும் டெட் ஃபீல்டும் இன்டர்ஸ்கோப் என்ற இசைத்தட்டு கம்பெனியைத் தொடங்கியபோது முதலில் வெளியிட்டது இவர் பாட்டைத்தான். 1991இல் அது அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100இல் 7ஆம் இடம் வரை போனது. பின்னாளில் டூபாக், டாக்டர் டிரே, எமினெம் என்று ராப் நட்சத்திரங்களை வைத்து மிரட்டிய கம்பெனிக்கு முதல் போணி செய்தவர் இந்தச் சட்டை போடாத பையன்!

ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து ராப் பாடியதில் இவர் முதல் ஆள் இல்லை. மெல்லோ மேன் ஏஸின் 'மென்டிரோசா' 1990லேயே 14ஆம் இடம் வந்திருந்தது. கிட் ஃப்ராஸ்டும் இருந்தார். ராப் என்று பார்த்தால் இருவருமே ஹெரார்டோவைவிடக் கனமானவர்கள். ஆனால் எவ்வளவு ஸ்பானிஷ் கலந்தால் அந்த மொழி தெரியாதவனும் சேர்ந்து பாடுவான் என்ற கணக்கு இவருக்குத் தெரிந்திருந்தது.

பாடகராக மவுசு போனபின் அந்தக் கணக்குதான் சோறு போட்டது. அதே இன்டர்ஸ்கோப்பில் ஏ அண்ட் ஆர் அதிகாரியானார். யாரை ஒப்பந்தம் செய்யலாம் என்று தேடிப் பிடித்து முதலாளியிடம் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. அப்படி இவர் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என்ரிக்கே இக்லேசியாஸ். ஸ்பானிஷ் உலகத்தில் அவர் ஏற்கெனவே பெரிய நட்சத்திரம். 1999இல் 'பைலாமோஸ்' ஹாட் 100இல் முதலிடம் பிடித்தது. பாட்டு பெரும்பாலும் ஆங்கிலம், திரும்பத் திரும்ப வந்து மனசில் கொக்கி போடுகிற சொல் மட்டும் ஸ்பானிஷ். பழைய கணக்கேதான், இந்த முறை சட்டை போட்டுக்கொண்டு.

கல்யாண வரவேற்புகளில் பாட்டுப் போடுகிற தொழில் எனக்கு. 'பைலாமோஸ்' என்ற அந்த ஒற்றைச் சொல் வந்தவுடன், அர்த்தமே தெரியாமல் சித்தப்பாக்கள்கூடக் கையைத் தூக்குவார்கள். இந்த இடத்தில் கூட்டம் எழுந்துகொள்ளும் என்று முன்கூட்டியே தெரிவதும் ஒரு திறமை. நல்ல பாடகர்கள் பலருக்கு அது கிடையாது.

லத்தீன் அமெரிக்க ஆள் என்பதால் ஸ்பானிஷ் பாடகர்களை மட்டும் பிடித்தார் என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புற வெள்ளைக்கார ராப்பர் பப்பா ஸ்பார்க்ஸை இன்டர்ஸ்கோப் பக்கம் கொண்டுவந்ததிலும் இவர் கை உண்டு. டிம்பலாண்டின் இசையோடு 2001இல் வந்த அவருடைய 'டார்க் டேஸ், பிரைட் நைட்ஸ்' ஆல்பம் எனக்கு இன்றும் சலிக்கவில்லை. ஹெரார்டோ பிற்பாடு கென்டக்கியில் இளைஞர்களுக்கான பாதிரியார் ஆகிவிட்டார், அது தனிக் கதை. 'ரிகோ சுவாவே' வேண்டாமென்றால் விடுங்கள், பப்பா ஸ்பார்க்ஸை ஒருமுறை கேளுங்கள். நல்ல ஸ்பீக்கரில்.