கிணற்றுக் குறிப்பேடும் பேராசிரியர் விண்ணப்பமும்

பல்கலைக்கழகம் ஒன்றில் நீரியல் மற்றும் நீர்வளத் துறைக்கு ஒரு பேராசிரியர் தேவை என்ற அறிவிப்பு நாளிதழில் வந்த நாளிலிருந்து பணி ஆணை என் கைக்கு வந்து சேரும் வரை பதினான்கு மாதங்கள் ஆயின. நிலத்தடி நீரில் வேலை செய்பவர்கள், அதிலும் கணினி முன் இருப்பதைவிடக் கிணற்று மேட்டில் அதிக நேரம் நிற்பவர்கள், இதே வழியில் வர நேர்ந்தால் பயன்படட்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, பேராசிரியர் பணிக்கு நேரடியாக விண்ணப்பிப்பவரிடம் முனைவர் பட்டம், குறைந்தது 10 ஆண்டு அனுபவம், தரமான ஆய்விதழ்களில் 10 கட்டுரைகள், முனைவர் பட்டத்துக்கு ஒரு மாணவரையாவது வழிநடத்தி முடித்ததற்கான சான்று, கட்டுரைகள் போன்ற ஆய்வுப் பணிகளுக்காகக் கணக்கிடப்படும் ஆய்வு மதிப்பெண் 120 ஆகியவை இருக்க வேண்டும். முதல் நான்கும் என்னிடம் இருந்தன. மதிப்பெண்ணைக் கணக்கிட உட்கார்ந்தபோதுதான் எங்கள் துறையின் இயல்பு எனக்கு எதிராக நிற்பது தெரிந்தது. கட்டுரையை இருவர் எழுதியிருந்தால் அதற்குரிய மதிப்பெண்ணில் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு கிடைக்கும். இருவருக்கு மேல் போனால் முதல் ஆசிரியருக்கும், ஆய்விதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் 70, மற்றவர்களுக்குத் தலைக்கு 30 மட்டுமே. கிணற்றில் நீர்மட்டம் அளந்தவர், ஆய்வகத்தில் குளோரைடு பார்த்தவர், கணினி மாதிரியை ஓட்டியவர் என்று நான்கைந்து பேர் சேராமல் நீரியலில் ஒரு நல்ல கட்டுரை எழுவது அரிது. மாணவர்களின் பெயரை முதலில் போட்டு, என் பெயரை நடுவில் வைத்த கட்டுரைகள் எல்லாம் முப்பது விழுக்காட்டில் நின்றன. நான் 186 என்று நினைத்திருந்தது, விதிப்படி எண்ணியபோது 141 ஆனது. அந்தப் பெயர் வரிசையை நினைத்து இன்றும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த விதி மாற வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர்ப் பகுதிக் கிணறுகளில் எட்டு ஆண்டுகளாக மாதந்தோறும் நீர்மட்டத்தையும், நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறனையும் அளந்து வைத்திருந்தேன். விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. அந்த அளவீடுகளிலிருந்து வந்த கட்டுரைகளுக்கு இடமிருந்தது, அளவீடுகளுக்கு இல்லை.

மிகுதியாக அலைய வைத்தது அனுபவச் சான்றிதழ்தான். தனியார் கல்லூரி ஒன்றில் தொகுப்பூதியத்தில் பணியாற்றிய ஐந்து ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால், அப்போது பெற்ற மொத்த ஊதியம் நிரந்தர ஆசிரியரின் ஊதியத்துக்குக் குறையவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கல்லூரி அலுவலகம் ஊதியத்தைக் குறிப்பிடாமலேயே சான்றிதழ் தந்தது; திருத்தித் தரும்படி கேட்டு நான்கு முறை நேரில் போனேன். கடைசியில் பழைய வங்கிக் கணக்குப் பதிவுகளை எடுத்து இணைத்த பிறகே சரியான சான்றிதழ் கிடைத்தது. விடுப்பு எடுக்காமல், பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்ட ஆய்வைச் செய்தேன் என்பதற்கும் தனியாக ஒரு சான்று தேவைப்பட்டது. ஏனெனில் விடுப்பில் ஆய்வு செய்த காலம் அனுபவமாகக் கொள்ளப்படுவதில்லை. இந்த இரண்டையும் பணியை விட்டு வரும் நாளிலேயே வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பம் அனுப்பி ஏழு மாதங்கள் கழித்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. துணைவேந்தர் தலைமையில் அமர்ந்திருந்த குழுவில் வெளி நிறுவனங்களிலிருந்து வந்த துறை வல்லுநர்கள் மூவர் இருந்தனர். மீஞ்சூர்ப் பகுதியை உள்ளடக்கிய ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் நீர்தாங்கியில், அதாவது நிலத்தடி நீரைத் தேக்கி வைக்கும் மண், மணல் அடுக்கில், கடல்நீர் புகுந்ததைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். சென்னையின் குடிநீருக்கும் அப்பகுதி ஊர்களின் பாசனத்துக்கும் பல பத்தாண்டுகள் இறைத்ததில் நன்னீரின் அழுத்தம் குறைந்து கடல் உள்ளே வந்த பகுதி அது. பேசி முடித்ததும் மூத்த வல்லுநர் ஒருவர், "கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே நாற்பது மீட்டர் இருக்கும் என்று கைபன்–ஹெர்ஸ்பர்க் விதி சொல்கிறதே மேடம், அப்படியிருக்க எட்டு வருஷம் எதற்கு அளந்தீர்கள்?" என்று கேட்டார்.

நன்னீரின் அடர்த்தியை 1.000 என்றும் கடல்நீரின் அடர்த்தியை 1.025 என்றும் கொண்டு, இரண்டும் அசையாமல் இருக்கும் நிலைக்காக எழுதப்பட்ட விதி அது என்றேன். மோட்டார் ஓடும் கிணற்றின் அடியில் உப்புநீர் கூம்பாக மேலெழும். அங்கே அந்தக் கணக்கு நிற்காது. 2015 டிசம்பர் பெருமழைக்குப் பின் நான் அளந்த கிணறுகளில் நீர்மட்டம் சில வாரங்களில் ஏறிவிட்டது. ஆனால் கடலோரக் கிணறுகளில் உப்பின் அளவு அந்த வேகத்தில் இறங்கவே இல்லை. மட்டத்தை மட்டும் பார்த்தவருக்குக் கிணறு தேறிவிட்டதாகவே தோன்றியிருக்கும். இதைச் சொல்லிவிட்டு, பையில் வைத்திருந்த குறிப்பேட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் ஐந்தாறு பக்கங்களைப் புரட்டி, மழைக்கு முந்தைய மாதத்து எண்களையும் பிந்தைய மாதங்களின் எண்களையும் தாமே ஒப்பிட்டுப் பார்த்தார். படிவத்தில் இடம் பெறாத எட்டு ஆண்டுகளுக்கு அந்த அறையில் இடம் கிடைத்தது.

நான் தடுமாறியது மேற்பரப்பு நீரில். செம்பரம்பாக்கம் ஏரி முழுதும் நிறைந்து 3,645 மில்லியன் கன அடி நீர் இருக்கிறது, உள்வரத்து இல்லை, வினாடிக்கு 29,000 கன அடி திறக்கிறோம், எத்தனை மணி நேரத்தில் காலியாகும் என்று இன்னொரு வல்லுநர் கேட்டார். 29,000 என்பது 2015 வெள்ளத்தின்போது அங்கே திறந்துவிடப்பட்ட அளவு. அலகு மாற்றத்தில் ஒரு முறை பிசகி, தாள் கேட்டு வாங்கி மீண்டும் வகுத்து, ஏறத்தாழ 35 மணி நேரம் என்றேன். ஓரலகு மழைநீர் வழிந்தோடும்போது ஆற்றின் ஓட்டம் நேரத்துக்கு நேரம் எப்படி மாறும் என்று காட்டும் அலகு நீர்வரைபடம் குறித்த அடுத்த கேள்விக்கு அரைகுறையாகவே பதில் சொல்ல முடிந்தது. பணியின் பெயரிலேயே நீர்வளம் இருக்கும்போது, நிலத்தடி நீரை மட்டும் படித்துக்கொண்டு போனது என் தவறு. ஆறு, அணை, வெள்ளக் கணக்கு ஆகியவற்றுக்கு இரண்டு மாதமாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

அதன்பின் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருந்தேன். ஆணை வந்தபோது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது. பழைய பணியிடத்திலிருந்து விடுவிப்பு ஆணை பெற மேலும் மூன்று வாரங்கள் பிடித்தன. அந்த இடைவெளியில் என் ஆய்வு மாணவியை அழைத்துக்கொண்டு எல்லாக் கிணறுகளுக்கும் ஒரு சுற்றுப் போய், எந்த வீட்டில் எந்த நேரத்தில் மோட்டார் போடுவார்கள், அளப்பதற்கு எவ்வளவு நேரம் முன்பே அதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்து, குறிப்பேட்டை அவளிடம் ஒப்படைத்தேன். அந்த மாத அளவீடுகள் அவள் கையெழுத்தில் இருக்கின்றன.