எண்ணூர் கழியில் நிலா சாயும் நேரம்

பௌர்ணமி நிலா, சூரியன் விழும் நேரத்தில் கடலிலிருந்து எழும். அதைப் பார்க்கத்தான் பலரும் மாலையில் சைக்கிளை எடுக்கிறார்கள். வடசென்னையில் அந்த நேரம் வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளோடு வீடு திரும்பும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பின்னிரவு 3 மணிக்கு ராயபுரத்தில் கிளம்பினால், 5 மணிக்கு முன்பே, எண்ணூர் கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில் நிற்கலாம். அங்கே கடல் கிழக்கே, கழி மேற்கே. மேற்கே சாயும் நிலா, அசையாத கழிநீரில் நீளமாகத் தடம் போடும்.

காலண்டரில் பௌர்ணமி என்று போட்டிருக்கும் நாளின் விடியற்காலையே சரி. நிலா நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் பிந்தும். மறுநாள் போனால் அது தாழ்வதற்குள் வானம் வெளுத்துவிடும்.

சேருமிடம் ராயபுரம் ரயில் நிலையம், 1856இல் திறந்தது. ஆறு பேருக்கு மேல் வேண்டாம். வரிசை நீண்டால் லாரிக்காரர் முந்த முடியாமல் நடுவில் நுழைவார். ஒருவர் பின் ஒருவராக, இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டுப் போங்கள். நிலா வெளிச்சத்தை நம்பிப் பள்ளத்தைக் கண்டுபிடிக்க முடியாது. முன்விளக்கை ஐந்தாறு மீட்டர் தூரத்தில் தரையில் விழும்படி சாய்த்துக் கட்டுங்கள். இருட்டில் கை சைகை பின்னால் வருபவருக்குத் தெரியாது. “பள்ளம்”, “மணல்”, “லாரி” என்று முன்னால் போகிறவர் குரல் கொடுக்க, அடுத்தடுத்தவர் அதையே சொல்ல வேண்டும். கன்டெய்னர் லாரி நின்றிருந்தாலும் அதன் இடப்பக்கம் புகாதீர்கள். ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். நீங்கள் அவர் கண்ணில் படவே மாட்டீர்கள்.

காசிமேட்டில் அந்நேரம் மீன் ஏலம் சூடாக நடக்கும். ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் ஓடி, தரை வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அப்போது ஏலம் களை கட்டாது.

இந்தச் சாலையில் பஞ்சருக்கு முக்கியக் காரணம் ஆணி இல்லை. வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் எஃகுக் கம்பி முடி போல மெல்லியது, டயருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். டியூபை மட்டும் மாற்றினால் அரை கிலோமீட்டரில் மறுபடி காற்று போகும். டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றிலும் துடையுங்கள். துணி சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும். பிடுங்கிய பிறகே புது டியூப். ஒட்டுப் போடுவதானால் சொல்யூஷன் தடவி, பளபளப்பு அடங்கும் வரை ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பிய்ந்துவிடும். இரண்டு டியூப், டயர் லீவர், கைப்பம்பு கட்டாயம். அந்நேரத்தில் பஞ்சர் கடை திறந்திருக்காது.

திருவொற்றியூரில் பௌர்ணமிதோறும் வடிவுடையம்மனைப் பார்க்கக் கூட்டம் வரும். மேலூர் திருவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது வழக்கம். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் திருவொற்றியூர்க் கோயிலின் சிவன் ஆதிபுரீசுவரர் கவசமின்றிக் காட்சி தருவதால், அப்போது கோயில் தெருப்பக்கம் சைக்கிளே நுழையாது.

அதற்கு வடக்கே சாலையை ஒட்டியே கடல் வரும். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துவிட்டது. மெரினா அகன்றது; இங்கே கரை கரைந்தது. அதனால்தான் இத்தனை கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். பௌர்ணமியில் ஓதம் வழக்கத்தைவிட ஏறும், பாசி பிடித்த கல்லில் கால் நழுவும். கல்மேல் ஏற வேண்டாம்.

தாழங்குப்பத்துக்கு அப்பால் மணல். உலர்த்திய வலைகள்மேல் சக்கரம் ஏறாமல் தள்ளிக்கொண்டு போங்கள். நாய் துரத்தினால் வேகமாகப் பெடலை மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் அடங்கிவிடும்.

கழிக்கரையில் விளக்குகளை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். மார்கழி, தை மாதங்களில் நிலா வடமேற்கே ஒதுங்கி மறையும். வெயில் காலத்தில் தென்மேற்கே.

வீடு திரும்பியதும் சைக்கிளை நல்ல தண்ணீரால் கழுவி, செயினைத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்றில் ஒரே நாளில் துரு ஏறிவிடும்.